ஃபாரெஸ்டரா ராவ்4-ஆ? கிராமத்து ரோட்டுக்கு முதல் எஸ்யூவி எடுக்கறவங்களுக்கு

சுபாரு ஃபாரெஸ்டர், டொயோட்டா ராவ்4, இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. ரிவ்யூ வீடியோ பாக்க பாக்க குழப்பம் தான் கூடும், ஏன்னா பாதி பேர் வண்டிய ஹைவேல ஓட்டிட்டு டச் ஸ்கிரீன் எவ்ளோ பெருசுன்னு பேசிட்டு முடிச்சுடறாங்க. நமக்கு வேண்டியது தினமும் சரளை ரோட்டுல போகணும், மழை பெஞ்சா சேத்துல எறங்கணும், தெருவிளக்கே இல்லாத பாதையில ராத்திரி வீடு வந்து சேரணும், அதுக்கு எது தோதுப்படும்ங்கறது தான்.

என் கருத்த முதல்லயே சொல்லிடறேன். இந்த ரெண்டு வண்டிக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த விட, ஒரே வண்டியோட ரெண்டு ட்ரிம்முக்கு (வசதியையும் விலையையும் பொறுத்து ஒரே மாடல்ல வர்ற ரகம்) நடுவுல இருக்கற வித்தியாசம் கிராமத்துல பெருசா தெரியும். அதனால எந்த கம்பெனின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்க ரோட்ட முடிவு பண்ணுங்க, அங்கருந்து தான் தொடங்கணும்.

முதல் வேலை: ரோட்ட அளங்க

நீங்க ஓட்டற ரோடு பூரா மோசமா இருக்காது, எங்கயோ ஒரு கிலோமீட்டர் தான் உயிர வாங்கும், அது வீட்டுக்கு வர்ற மண் பாதையா இருக்கலாம், ஒரு ஓடைய தாண்டற எடமா இருக்கலாம், இல்ல டிராக்டரும் லாரியும் போய் போய் ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவுல மேடு நிக்கற எடமா இருக்கலாம். வண்டிய தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த ஒரு கிலோமீட்டர வச்சு தான், மீதி ரோட்டுல எந்த கார் வேணும்னாலும் போகும்.

அந்த நடு மேட்ட அளக்கறது ரொம்ப சுலபம். நேரான ஒரு கம்பு எடுத்து மேட்டு மேல குறுக்கால வைங்க, ரெண்டு பக்கமும் சக்கரத் தடத்துக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கும், இப்ப கம்புக்கு அடியில இருந்து தடத்தோட தரை வரைக்கும் டேப்ப விட்டு பாருங்க, அது தான் உங்க வண்டி தாண்ட வேண்டிய உயரம். ஃபாரெஸ்டருக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியோட அடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி, 220 மி.மீ. ராவ்4-க்கு நாட்டையும் ட்ரிம்மையும் பொறுத்து 190-ல இருந்து 220 கிட்ட வரைக்கும் மாறும், ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினும் எலக்ட்ரிக் மோட்டாரும் சேந்தது) பொதுவா கொஞ்சம் கம்மியா தான் இருக்கும். ஆனா இதெல்லாம் வண்டி காலியா நிக்கறப்ப எடுத்த கணக்கு, அஞ்சு பேர் ஏறி டிக்கில மூட்டையும் போட்டா பின்னாடி நல்லாவே எறங்கும். மேடு 15 செ.மீ-க்குள்ள இருந்தா ரெண்டுமே கவலை இல்லாம போகும், 18 வந்தா ஃபாரெஸ்டர் பக்கம் சாயுங்க, 20-ஐ தாண்டுச்சுன்னா ரெண்டும் அடி தட்டும், அப்ப வண்டிய மாத்தறத விட பாதைய செப்பனிடறது தான் மலிவு, இல்லன்னா லாரி மாதிரி அடியில தனி சட்டம் (லேடர் ஃபிரேம்) போட்ட பெரிய வண்டி பக்கம் போகணும்.

அளக்கற அன்னிக்கே இன்னும் ரெண்டு விஷயம் பாத்துக்குங்க: செங்குத்தான ஏத்தம் எங்க இருக்கு, அது ஈரமானா களிமண்ணா மாறுதா சரளையாவே நிக்குதா. அப்புறம் தண்ணி தேங்கற எடம். ஓடற தண்ணிய பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், 30 செ.மீ ஆழத்துல ஓடற தண்ணி சின்ன கார்கள மிதக்க வச்சுடும், 60 செ.மீ பெரும்பாலான வண்டிகள இழுத்துட்டே போயிடும், எஸ்யூவிங்கற பேருக்கு தண்ணி மரியாதை எல்லாம் குடுக்காது. அந்த மாதிரி எடம் உங்க வழியில இருந்தா அதுக்கு தீர்வு மாத்து வழி தான்.

ரெண்டாவது: நாலு சக்கரத்துக்கும் பவர் எப்படி போகுதுன்னு புரிஞ்சுக்குங்க

இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா ரெண்டு வண்டியும் நெஜமாவே பிரியற எடம் இது தான்.

ஃபாரெஸ்டர்ல என்ஜின் பாக்ஸர் டைப், பிஸ்டன் எல்லாம் மேல கீழ போகாம பக்கவாட்டுல படுத்த மாதிரி வேலை செய்யும், அதனால வெயிட் கீழயே இருக்கும். என்ஜின்ல இருந்து சிவிடிங்கற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அங்கருந்து ஒரு நீளமான ஷாஃப்ட் பின் சக்கரத்துக்கு போகுது, நடுவுல ஒரு கிளட்ச் இருக்கு, அது முன்னாடி பின்னாடி எவ்ளோ பவர்னு எலக்ட்ரானிக்கா மாத்திக்கிட்டே இருக்கும். முக்கியமானது, பின் சக்கரம் எப்பவும் இணைஞ்சே இருக்கு, முன் சக்கரம் வழுக்கின அப்புறம் தான் முழிச்சுக்கணும்னு இல்ல. சரளை ரோட்டுல ஒரு வளைவுல ஆக்சிலரேட்டர் குடுத்தீங்கன்னா அந்த வித்தியாசம் தெரியும், வண்டி அலட்டிக்காம திரும்பும்.

ராவ்4-ல ரெண்டு மூணு ஜாதி இருக்கு. மொதல்ல பேருல 4 இருக்கேன்னு நம்பி எடுத்துடாதீங்க, முன் சக்கரத்துக்கு மட்டும் பவர் போற ராவ்4-உம் பல நாட்டுல விக்கறாங்க, பின்னாடி இருந்து பாத்தா ஒரே மாதிரி தான் இருக்கும். பெட்ரோல் ஆல் வீல் டிரைவ்ல (நாலு சக்கரத்துக்கும் பவர் போறது) ஷாஃப்ட் உண்டு, தேவைப்படறப்ப பின்னாடி பவர் அனுப்பும். ஹைபிரிட் ஆல் வீல் டிரைவ்ல கதையே வேற, முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடுவுல ஷாஃப்டே கிடையாது, பின் அச்சுல தனியா ஒரு எலக்ட்ரிக் மோட்டார் உக்காந்திருக்கு. 2018-ல காட்டின அஞ்சாம் தலைமுறையில அந்த மோட்டார் 40 கிலோவாட். ஈரமான தார் ரோடு, சரளை, லேசான சேறு, பனி படிஞ்ச ஏத்தத்துல இருந்து கெளம்பறது, இதுக்கெல்லாம் அது தாராளம், உடனே சுத்த ஆரம்பிக்கும், தாமதமே இருக்காது. ஆனா நீளமா ஆழமான சேத்துலயோ மணல்லயோ விடாம அழுத்திக்கிட்டே போகணும்னா பின்னாடி வர்ற பலத்துக்கு அந்த மோட்டார் தான் எல்லை, என்ஜினோட முழு சக்தி ஷாஃப்ட் வழியா பின்னாடி போறதுக்கு வழியே இல்ல.

அதனால தினமும் தாண்டற சேறு வண்டி நீளத்துக்கு நாலஞ்சு மடங்குக்குள்ள இருந்தா ஹைபிரிட் ராவ்4 போதும். கால் கிலோமீட்டர் களிமண்ணு, அதுவும் ஏத்தத்துலன்னா ஃபாரெஸ்டர் தான். ஃபாரெஸ்டர்லயும் இப்ப ஹைபிரிட் வந்திருக்கு, அதுல ஷாஃப்ட எடுக்காம அப்படியே வச்சிருக்காங்க, உங்க ஊர்ல கெடைச்சா அதையும் பட்டியல்ல சேத்துக்குங்க. ராவ்4 பக்கம் 2025 மே மாசம் காட்டின ஆறாம் தலைமுறை ஹைபிரிட்டாவும் பிளக் இன் ஹைபிரிட்டாவும் (வீட்டு கரண்ட்ல சார்ஜ் போடக்கூடியது) மட்டும் தான் வருது, சாதா பெட்ரோல் வேணும்னா பழைய தலைமுறைல தான் தேடணும்.

ஃபாரெஸ்டர்ல எக்ஸ் மோட்னு ஒரு பட்டன், ராவ்4-ல ட்ரெயில் மோட். ரெண்டும் செய்யற வேலை கிட்டத்தட்ட ஒண்ணு தான்: அந்தரத்துல சும்மா சுத்தற சக்கரத்த பிரேக் போட்டு புடிச்சு, தரைய தொட்டுக்கிட்டு இருக்கற சக்கரத்துக்கு பலத்த திருப்பி விடறது. எல்லா ட்ரிம்லயும் இருக்காது, கேட்டு வாங்குங்க. ரெண்டுலயும் லோ ரேஞ்ச் கியர் (மெதுவா, கூடுதல் இழுவையோட ஏறறதுக்கான கியர்) கெடையாதுங்கறதையும் மனசுல வச்சுக்குங்க, பாறை ஏறற வண்டி இது இல்ல.

இன்னொண்ணு, புதுசா ஓட்டறவங்க அடிக்கடி ஏமாறற எடம். ஆல் வீல் டிரைவ் கெளம்பறதுக்கு உதவும், நிக்கறதுக்கு உதவாது. எறக்கத்துல சரளைல பிரேக் அடிச்சா நாலு சக்கரமும் எந்த வண்டிலயும் ஒரே மாதிரி தான் வழுக்கும், அங்க பேசறது டயர் மட்டும் தான்.

மூணாவது: டயரும் ஸ்டெப்னியும்

என்ன கேட்டா முடிவோட பாதி இங்க தான் இருக்கு, ஷோரூம்ல யாரும் இத பேச மாட்டாங்க.

டயரோட பக்கத்துல 225/65 ஆர்17 அப்படின்னு எழுதியிருக்கும். 225 அகலம், 65 அந்த அகலத்துல எத்தன சதவீதம் பக்கச்சுவர் உயரம், 17 ரிம் அங்குலத்துல. அஞ்சாம் தலைமுறை ராவ்4-ல கீழ் ட்ரிம் 225/65 ஆர்17, கணக்கு போட்டா பக்கச்சுவர் 146 மி.மீ வருது. மேல் ட்ரிம்ல 235/55 ஆர்19, அதுல 129 மி.மீ தான். ஃபாரெஸ்டர்ல 225/60 ஆர்17 எடுத்தா 135, 225/55 ஆர்18 எடுத்தா 124. இப்ப பள்ளத்துல எறங்கறத நெனச்சு பாருங்க, கூரான கல்லு ரிம்ம தொடறதுக்கு முன்னாடி நடுவுல இருக்கற ரப்பர் அவ்ளோ தான், அது கூட இருந்தா பஞ்சரும் கம்மி, ரிம் நெளியறதும் கம்மி, முதுகு வலியும் கம்மி. காசு கூட குடுத்து பெரிய அலாய் வீல் வாங்கி, பக்கச்சுவர கம்மி பண்ணிக்கிட்டு சரளை ரோட்டுல போறது எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியாத விஷயம். பளபளன்னு இருக்கும், ஒத்துக்கறேன். 17 அங்குலம் கெடைக்கற ட்ரிம்ம கண்ண மூடிக்கிட்டு எடுங்க, அது பெரும்பாலும் விலையிலயும் கீழ தான் இருக்கும்.

அடுத்தது ஸ்டெப்னி. டிக்கி தரைய தூக்கி நீங்களே பாருங்க, சேல்ஸ்மேன் வாய் வார்த்தை வேண்டாம். மூணு மாதிரி இருக்கும்: முழு சைஸ் ஸ்டெப்னி, ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி, இல்ல ஒரு பாட்டில் பசையும் குட்டி கம்ப்ரஸரும். பசை பாட்டில் ஆணி குத்தின ஓட்டைக்கு சரி, கல்லு கிழிச்ச பக்கச்சுவருக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாது. ஒல்லி ஸ்டெப்னிய போட்டா பொதுவா மணிக்கு 80 கிலோமீட்டர தாண்டக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கும், அது தார் ரோட்டுக்கான கணக்கு, சேத்துல அது பாவம். முழு ஸ்டெப்னி அந்த குழிக்குள்ள உக்காருமா, தரைப்பலகை சரியா மூடுமானு கேளுங்க, ஒரே மாடல்ல கூட நாட்டுக்கு நாடு மாறுது.

ஆல் வீல் டிரைவ்ல இன்னொரு செலவு ஒளிஞ்சிருக்கு. நாலு டயரும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், கிட்டத்தட்ட ஒரே தேய்மானத்துல இருக்கணும், ஃபாரெஸ்டர் மாதிரி எப்பவும் இணைஞ்சிருக்கற சிஸ்டத்துல இது ரொம்ப முக்கியம். ஒரு டயர் பட்டன் தேய்ஞ்சு சின்னதாவும் இன்னொண்ணு புதுசா பெருசாவும் இருந்தா சுத்தற வேகம் மாறும், நடு கிளட்ச் ஓயாம அத ஈடு கட்டி சூடாகும். அதாவது பாதி தேய்ஞ்ச நிலையில ஒரு டயர் கிழிஞ்சா சில சமயம் நாலும் வாங்க வேண்டி வரும். டயர் கிழியற ரோடுன்னா அஞ்சாவது டயரையும் சுழற்சில சேத்து அஞ்சையும் சமமா தேய்ச்சுக்கிட்டு வர்றது புத்திசாலித்தனம், ஆனா அதுக்கு முழு சைஸ் ஸ்டெப்னி இருக்கணும். ஷாஃப்ட் இல்லாத ஹைபிரிட் ராவ்4 இந்த விஷயத்துல கொஞ்சம் மன்னிக்கும், ஒரே அச்சுல இருக்கற ரெண்டு டயர் ஜோடியா இருக்கறத மட்டும் கவனமா பாத்துக்கணும்.

நாலாவது: பெட்ரோல் கணக்க உங்க ரோட்டுக்கு மாத்தி போடுங்க

ஹைபிரிட் மைலேஜ்னு சொன்னாலே எல்லாரும் அந்த பக்கம் சாஞ்சுடறாங்க. தப்பில்ல, ஆனா எந்த ஓட்டத்துல அந்த மைலேஜ்னு பாக்கணும். அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் அமைப்பு ஈபிஏ போட்ட மைலேஜ் கணக்குல 2022 மாடல் ஃபாரெஸ்டர் பெட்ரோல் கலப்பு ஓட்டத்துல லிட்டருக்கு சுமார் 12.3 கிலோமீட்டர், ராவ்4 ஹைபிரிட் சுமார் 17. வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டினா வித்தியாசம் கிட்டத்தட்ட 450 லிட்டர், கணிசமான தொகை தான். ஆனா அதே கணக்க பிரிச்சு பாத்தா சிட்டில 11-க்கு 17.4, ஹைவேல 14-க்கு 16.2. ஹைவே நம்பர வச்சு போட்டா அதே 20,000 கிலோமீட்டருக்கு மிச்சம் 190 லிட்டர் தான் வருது, பாதி கூட இல்ல.

ஏன் இப்படின்னா ஹைபிரிட் பெருசா காசு சம்பாதிக்கறது பிரேக் போடறப்ப தான், நிறுத்தற சக்திய பேட்டரில சேத்து கெளம்பறப்ப திருப்பி குடுக்கும். காலி ரோட்டுல மணிக்கு 90-ல ஒரே சீரா போனா அதுக்கு வேலை கம்மி. அதனால உங்க ஓட்டம் எப்படின்னு பாருங்க. வீட்டுல இருந்து டவுனுக்கு நேர் ரோடு, நிக்காம போகலாம்னா ஹைபிரிட்டுக்கு கூட குடுக்கற விலை திரும்ப வர ரொம்ப வருஷம் ஆகும். வளைஞ்சு வளைஞ்சு ஏறி எறங்கற மலை ரோடு, மாடு ஆடு குறுக்க வர்ற ரோடு, வேகத்தடை, மண் பாதையில ஊர்ந்து போறது, இதெல்லாம் சிட்டி நம்பர் பக்கம் தான் வரும், அங்க ஹைபிரிட் ஜெயிக்கும். எறக்கத்துல பிரேக் பேட் தேயறதும் கம்மியாகும், அது ஒரு போனஸ்.

பெட்ரோல் பங்க் தூரமா இருந்தா ஒரு டேங்குக்கு எவ்ளோ தூரம் போகும்னும் பாத்துக்குங்க. பிளக் இன் ஹைபிரிட் பத்தி சுருக்கமா, வீட்டுல கரண்ட் நிலையா வருது, தினசரி ஓட்டம் குறைவுன்னா யோசிக்கலாம், மத்தபடி கிராமத்துக்கு அந்த கூடுதல் வெயிட்டும் விலையும் தேவையில்லன்னு தான் தோணுது.

அஞ்சாவது: தூசி, கல்லு, எலி

ரெண்டு வண்டியும் தார் ரோட்ட மனசுல வச்சு செஞ்சது தான். மண் ரோட்டுல சின்ன சின்னதா சில தொந்தரவு வரும், எதுன்னு முன்னாடியே தெரிஞ்சா சமாளிக்கலாம்.

ஃபாரெஸ்டரோட ஐசைட் சிஸ்டம் (ஆபத்து வந்தா தானா பிரேக் போடறது) முன் கண்ணாடிக்கு பின்னாடி இருக்கற ரெண்டு கேமராவ வச்சு தூரத்த அளக்குது. முன்னாடி போற லாரி எகிறி அடிக்கற கல்லு கண்ணாடில பட்டு கீறல் விழுந்து, கண்ணாடிய மாத்த வேண்டி வந்தா, கேமராவ மறுபடி காலிபிரேட் (சரியா அளக்கற மாதிரி செட்) பண்ணியாகணும், அத எல்லா கண்ணாடி கடையிலயும் பண்ண முடியாது. ராவ்4-லயும் கண்ணாடில கேமரா உண்டு, அதுக்கும் இதே கதை தான், கூடவே அஞ்சாம் தலைமுறையில முன் கிரில்ல இருக்கற டொயோட்டா சின்னத்துக்கு பின்னாடி ரேடார் வச்சிருக்காங்க. சேறு தெளிச்சு அந்த சின்னத்த மூடிட்டா அடாப்டிவ் குரூஸ் (முன்னாடி போற வண்டிக்கு ஏத்த மாதிரி வேகத்த தானா மாத்தறது) வேலை செய்யாதுன்னு டேஷ்போர்டுல மெசேஜ் வரும், வண்டி கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க, எறங்கி ஈரத்துணியால அந்த சின்னத்த தொடச்சா போதும். இன்ஷூரன்ஸ் எடுக்கறப்ப கண்ணாடி கவர்ல காலிபிரேஷன் செலவும் சேருமானு கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க. ரெண்டு சிஸ்டமும் ஆள், வண்டிய பாத்து பிரேக் போடறதுக்கு செஞ்சது, இருட்டுல குறுக்க ஓடற மாடு மானுக்கெல்லாம் அத நம்பி ஓட்டக்கூடாது.

ஹைபிரிட் ராவ்4-ல பேட்டரி பின் சீட்டுக்கு அடியில இருக்கு, அது சூடாகாம இருக்க வண்டிக்குள்ள இருக்கற காத்த தான் இழுக்குது, சீட்டுக்கு கீழ முன் பக்கத்துல சின்ன ஜன்னல் மாதிரி வென்ட் இருக்கும், உள்ள ஒரு ஃபில்டர். கண்ணாடிய எறக்கி வச்சுக்கிட்டு மண் ரோட்டுல போற பழக்கம் இருந்தா, நாய ஏத்திட்டு போனா, அந்த ஃபில்டர்ல தூசியும் முடியும் பஞ்சு மாதிரி அடைச்சுக்கும். ஒவ்வொரு சர்வீஸ்லயும் அத கழட்டி சுத்தம் பண்ணுங்கன்னு வாயால சொல்லணும், இல்லன்னா விட்டுடுவாங்க. பின் சீட்டு காலடியில மூட்டைய வச்சு அந்த வென்ட்ட அடைக்கறதும் கூடாது.

என்ஜின் ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர் ரெண்டும் தூசி ரோட்டுல புத்தகத்துல போட்ட நாளுக்கு முன்னாடியே அடைஞ்சுடும். ஓனர்ஸ் மேனுவல்ல கடுமையான பயன்பாடுன்னு தனியா ஒரு அட்டவணை இருக்கும், தூசி ரோடு, குறுகிய தூர ஓட்டம், டிரெய்லர் இழுக்கறது எல்லாம் அதுல வரும், உங்களுக்கு அது தான் அட்டவணை, சாதா அட்டவணைய மறந்துடுங்க. ஆயில நீங்களே மாத்தற ஆளுன்னா ஒரு சின்ன சந்தோஷம், இப்ப இருக்கற ஃபாரெஸ்டர் என்ஜின்ல ஆயில் ஃபில்டர் மேல் பக்கமே இருக்கு, பானட்ட தூக்கினா கை எட்டும். ஸ்பார்க் பிளக் மட்டும் ரெண்டு பக்கமும் ஓரத்துல இருக்கறதால மாத்தறது கொஞ்சம் இடைஞ்சல் புடிச்ச வேலை.

எலி பிரச்சனைக்கு கம்பெனி பாகுபாடு கிடையாது. வைக்கோல், தானியம் பக்கத்துல வண்டி நின்னா ஒயர கடிக்கும், ஹைபிரிட்ல ஒயர் கூட, பில்லும் கூட. வாரத்துக்கு ஒரு தடவ பானட்ட தூக்கி பாருங்க.

ஆறாவது: சர்வீஸ் சென்டர் எவ்ளோ தூரம், வண்டி நின்னா யார் வருவாங்க

மேப்ப எடுத்து ரெண்டு கம்பெனியோட சர்வீஸ் சென்டருக்கும் வீட்டுல இருந்து தூரம் பாருங்க. உலகத்துல பெரும்பாலான எடத்துல டொயோட்டா தான் கிட்ட இருக்கும், அது நெஜமான அனுகூலம். ஆனா கிட்ட இருந்தா மட்டும் போதாது, ஃபோன் போட்டு ரெண்டு கேள்வி கேளுங்க: ஹைபிரிட் வேலை தெரிஞ்ச ஆள் அந்த கிளைலயே இருக்காரா, பிரேக் பேட், முன் கண்ணாடி, விங் மிரர் மாதிரி சாமான் வர எத்தன நாள் ஆகும். மூணு மணி நேரம் ஓட்டிட்டு போய் சர்வீஸ் விட்டு, அங்கயே நாள் பூரா உக்காந்து, மறுபடி மூணு மணி நேரம் திரும்பி வர்ற வாழ்க்கை ரெண்டு வருஷத்துல வெறுத்துடும். ஒரு வண்டிக்கு அரை மணி நேரம், இன்னொண்ணுக்கு மூணு மணி நேரம்னா மேல சொன்ன எக்ஸ் மோட், ஷாஃப்ட் வாதமெல்லாம் ஓரமா வச்சுட்டு கிட்ட இருக்கறதயே எடுங்க.

ரெக்கவரி விஷயம் அத விட முக்கியம். இந்த ஆல் வீல் டிரைவ் வண்டிகள ரெண்டு சக்கரத்த தூக்கி ரெண்ட தரையில உருட்டிக்கிட்டு இழுத்துட்டு போகக்கூடாது. ஃபாரெஸ்டர்ல கியர்பாக்ஸும் கிளட்சும் போயிடும், ஹைபிரிட் ராவ்4-ல சக்கரம் உருண்டா மோட்டாரும் சேந்து சுத்தும். நாலு சக்கரமும் தரைய விட்டு மேல இருக்கற பிளாட்பெட் தான் வரணும். உங்க ஏரியாவுல பிளாட்பெட் யார்கிட்ட இருக்கு, உங்க மண் பாதைக்குள்ள அது திரும்ப எடம் இருக்கானு இப்பவே விசாரிச்சு வைங்க. டிராக்டர்ல கட்டி இழுக்கலாம்னு யாராவது கெளம்புவாங்க, சேத்துல இருந்து நாலடி வெளிய எடுக்கறதுக்கு டோ ஹூக்க திருகி மெதுவா இழுத்தா சரி, அப்படியே கட்டிக்கிட்டு ஊர் வரைக்கும் போறது வேண்டாம்.

டிரெய்லர் இழுக்கற வேலை இருந்தா மேனுவல்ல உங்க நாட்டுக்கு போட்ட எடைய மட்டும் நம்புங்க. ஒரே மாடலுக்கு அமெரிக்காவுல ஒண்ணு, ஐரோப்பாவுல ஒண்ணு, ஆஸ்திரேலியாவுல ஒண்ணுன்னு நம்பர் இரட்டிப்புக்கு மேல கூட மாறுது, வேற நாட்டு வீடியோவ பாத்து ஏத்திடாதீங்க.

ஏழாவது: டெஸ்ட் டிரைவ உங்க பாதையில எடுங்க

ஷோரூம சுத்தி ஒரு ரவுண்டு போறது டெஸ்ட் டிரைவே இல்ல. வீட்டுக்கு வண்டிய கொண்டு வர சொல்லுங்க, முடியாதுன்னா அந்த மாதிரி ஒரு மண் ரோடு எங்க இருக்குன்னு பாத்து அங்க போங்க. வழக்கமா வண்டில வர்ற எல்லாரையும் ஏத்திக்குங்க. ரெண்டு வண்டியையும் ஒரே நாள்ல ஓட்டுங்க, ஒரு வாரம் கழிச்சு ஓட்டினா முதல் வண்டி எப்படி இருந்துச்சுன்னு மறந்துடும்.

சரளைல மணிக்கு 40-ல ரேடியோவ அணைச்சுட்டு கேளுங்க, கல்லு அடியில தெறிக்கற சத்தம், டேஷ்போர்டு கடகடன்னு ஆடறது எது கம்மினு. ஏத்தத்துல நிறுத்தி மறுபடி கெளம்புங்க. ஃபாரெஸ்டரோட பெரிய ஜன்னல்களுக்கு ஒரு பேர் உண்டு, குறுகலான பாதையில ஓரத்து கல்லும் வேலியும் எங்க முடியுதுன்னு உக்காந்த எடத்துல இருந்தே தெரியும், அத உங்க உயரத்துக்கு சரி பாத்துக்குங்க. கதவ தெறந்து கீழ் விளிம்ப பாருங்க, கதவு அந்த படிய முழுசா மூடுதா இல்ல படி வெளிய தெரியுதா. வெளிய தெரிஞ்சா சேறு அதுல அப்பிக்கும், எறங்கறப்ப எல்லாம் பேன்ட்டோட பின்காலுல தேய்ச்சுக்கிட்டே எறங்கணும், வயசானவங்க பொடவை வேட்டியோட எறங்கறப்ப இன்னும் மோசம். முடிஞ்சா இருட்டினப்புறம் ஒரு தடவ ஓட்டுங்க. லைட் இல்லாத ரோட்டுல ஹெட்லைட்டோட வெளிச்சம் எங்க போய் நிக்குது, ஹை பீம் தானா எறங்கி ஏறறது சரியா வேலை செய்யுதா, இதெல்லாம் பகல்ல யாருக்கும் தெரியாது, ட்ரிம்முக்கு ட்ரிம் லைட்டும் மாறும்.

பழைய வண்டி எடுக்கறவங்களுக்கு மட்டும்

ஃபாரெஸ்டர் 1997-ல இருந்தும் ராவ்4 1994-ல இருந்தும் வருது, அதனால சந்தையில பழசு நிறைய கெடைக்கும். 2011-க்கு முந்தின 2.5 லிட்டர் ஃபாரெஸ்டர்ல ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பாகங்களுக்கு நடுவுல இருக்கற அடைப்பு தகடு) ஒழுகறது எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி, மாத்தின பில் இருக்கானு கேளுங்க, இல்லன்னா விலைய அடிச்சு பேசுங்க. 2019-ல இருந்து வந்த ராவ்4 ஹைபிரிட்ல பின் மோட்டாருக்கு போற ஹை வோல்டேஜ் கேபிளோட கனெக்டர், பனிக்காலத்துல ரோட்டுல உப்பு போடற எடங்கள்ல துருப்பிடிச்சு, மாத்தறதுக்கு பெரிய செலவு வச்சுச்சு, வட அமெரிக்காவுல டொயோட்டா அதுக்கு தனியா வாரண்டிய நீட்டிச்சாங்க. அந்த வருஷத்து வண்டி உப்பு ரோட்டுல ஓடினதுன்னா லிஃப்ட்ல ஏத்தி அந்த கனெக்டர கண்ணால பாக்காம கை நீட்டாதீங்க. ரெண்டுலயும் அடிப்பக்கம் பிளாஸ்டிக் மூடி முழுசா இருக்கானு பாருங்க, கிழிஞ்சு கம்பி போட்டு கட்டியிருந்தா அந்த வண்டி எந்த மாதிரி ரோட்டுல வாழ்ந்துச்சுன்னு அதுவே சொல்லிடும்.

சரி, எது?

நடு மேடு உயரம், நீளமான களிமண் ஏத்தம், பனி கொட்டற எடம், சுபாரு சர்வீஸ் நியாயமான தூரத்துல இருக்கு, இப்படின்னா ஃபாரெஸ்டர், 17 அங்குல டயரோட. பெரும்பாலும் தார், கடைசில கொஞ்சம் நல்ல சரளை, ஓட்டம் நெறைய, ஏறி எறங்கற ரோடு, இப்படின்னா ராவ்4 ஹைபிரிட் ஆல் வீல் டிரைவ், அதுலயும் கீழ் ட்ரிம். ரெண்டுக்கும் நடுவுல விழறவங்க சர்வீஸ் தூரத்த வச்சு முடிவு பண்ணுங்க. ஓட்டம் முழுக்க நல்ல ரோடுன்னா ஆல் வீல் டிரைவே வேண்டாம், முன் சக்கர டிரைவ் ராவ்4-ல நல்ல டயர் போட்டுக்கிட்டு மிச்ச காச கையில வச்சுக்குங்க.

எதை எடுத்தாலும் டெலிவரி அன்னிக்கு பூஜை, ஃபோட்டோ எல்லாம் முடிஞ்சப்புறம் ஷோரூம் தரையிலயே ஒரு சக்கரத்த நீங்களே கழட்டி மாட்டி பாருங்க. ஜாக்கி எங்க இருக்கு, எந்த எடத்துல முட்டு குடுக்கணும், சக்கரத்துக்கு பூட்டு நட்டு போட்டிருந்தா அத கழட்டற சாவி டப்பாவுல இருக்கா, அவங்க மெஷின்ல இறுக்கின நட்டு உங்க கை ஸ்பேனருக்கு அசையுதா. அசையலன்னா அங்கயே தளர்த்தி, சரியான டார்க்ல (மேனுவல்ல போட்ட இறுக்க அளவுல) திரும்ப இறுக்கி தர சொல்லுங்க. ஜாக்கிக்கு அடியில வைக்க ஒரு அகலமான பலகைத் துண்டு, ஒரு ஹெட் டார்ச், ஒரு சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டர் மூணையும் டிக்கில போட்டுட்டு வண்டிய எடுங்க, ஹைபிரிட்டா இருந்தாலும் அந்த சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துட்டா வண்டி கெளம்பாது.